சுற்றுலாத் தீவைக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவது: லங்காவியை முன்வைத்து

சுற்றுலாத் தீவு ஒன்றைப் பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு எழுத உட்கார்ந்தால் தகவலுக்குப் பஞ்சமே இருக்காது. ஓட்டல்காரர்கள், படகுக்காரர்கள், விமான நிறுவனங்கள், அரசின் சுற்றுலாத் துறை என்று ஆளாளுக்கு எழுதிக் குவித்திருப்பார்கள். எல்லாமே ஆட்களை வரவழைக்க எழுதியவை. ஒரே வாக்கியம் இடம் மாறி இடம் மாறிப் போய், நாலாவது இடத்தில் கண்ணில் படும்போது நாலு சான்று இருப்பதுபோலத் தோன்றும். தோண்டிப் பார்த்தால் மூலம் ஒரே ஒரு துண்டுப் பிரசுரமாக இருக்கும். மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த லங்காவி இதற்குப் பொருத்தமான உதாரணம். லங்காவியைப் பற்றிய கட்டுரைகளை எழுதியும் திருத்தியும் பழகியதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறோம். மாலத்தீவு, பாலி, மொரீசியஸ் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த லங்காவி?

முதல் வரி எழுதும் முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. லங்காவி என்ற ஒரே பெயர் மூன்றைக் குறிக்கிறது: ஒரு தீவுக்கூட்டம், அந்தக் கூட்டத்தின் மிகப் பெரிய தீவு, கெடா மாநிலத்தின் ஒரு நிர்வாக மாவட்டம். எண்களில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியதால் வந்தவைதான்.

மக்கள்தொகையை எடுத்துக்கொள்வோம். 2020 கணக்கெடுப்பின்படி லங்காவி மாவட்டத்தில் 94 ஆயிரத்துச் சொச்சம் பேர். துபா போன்ற பக்கத்துத் தீவுகளில் குடியிருப்பவர்களும் இதில் அடக்கம். பரப்பளவு தீவுக்கூட்டம் முழுவதற்கும் சுமார் 478 சதுர கிலோமீட்டர். பெரிய தீவு மட்டும் என்றால் முந்நூற்றுச் சொச்சம். மாவட்ட மக்கள்தொகையைக் கூட்டத்தின் பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 197 பேர் வருவார்கள். அதையே பெரிய தீவின் பரப்பு 320 என்று வைத்துக்கொண்டு வகுத்தால் 294 ஆகிவிடும். தகவல் பெட்டியில் மக்கள்தொகையையும் பரப்பையும் நிரப்பினால் அடர்த்தியைக் கணினியே கணக்கிட்டுப் போட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே எல்லைக்கு உரியவையா என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது எழுதுகிறவர். பெரிய தீவுக்கென்று 64,792 என்ற மக்கள்தொகையும் பல இடங்களில் ஆண்டு குறிப்பிடாமல் சுற்றிவருகிறது. ஆண்டும் எல்லையும் இல்லாத மக்கள்தொகை எண்ணை எவ்வளவு பெரிய நூல் சொன்னாலும் சேர்க்க வேண்டாம்.

பெரிய தீவின் பரப்பே நூலுக்கு நூல் மாறும். சதுப்புநிலக் காட்டையும் கடலைத் தூர்த்தெடுத்த நிலத்தையும் எங்கே வெட்டிக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து எந்தத் தீவின் பரப்பும் கூடும், குறையும். சராசரி எடுத்து எழுதுவது எல்லாவற்றிலும் மோசம். அப்படி ஒரு எண்ணை யாருமே அளந்திருக்க மாட்டார்கள். நில அளவைத் துறையின் எண்ணைத் தேர்ந்து, அளந்தது அவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம்.

99 தீவா, 104 தீவா?

இரண்டும் புழக்கத்தில் உள்ளன. ஐந்து பாறைத் திட்டுகள் தாழ் ஓதத்தின்போது, அதாவது கடல்நீர் வடிந்திருக்கும் நேரத்தில் மட்டும் தலைகாட்டுவதால்தான் இந்த வேறுபாடு. சுற்றுலா எழுத்தில் ‘104 தீவுகள்’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கலைக்களஞ்சியத்தில் அளவுகோல் வேண்டும். ஐக்கிய நாடுகளின் 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 121ஆம் பிரிவு, உயர் ஓதத்தின்போதும் நீருக்கு மேலே நிற்கும் இயற்கை நிலத்தைத்தான் தீவு என்கிறது. தாழ் ஓதத்தில் மட்டும் தெரிபவற்றுக்குத் தனியாக 13ஆம் பிரிவு இருக்கிறது. ஆகவே ‘99 தீவுகள், தாழ் ஓதத்தில் மேலும் ஐந்து திட்டுகள் வெளிப்படும்’ என்று எழுதினால் போதும். 104 என்று வேறெங்கோ படித்துவிட்டு வருகிறவருக்கும் விடை கிடைத்துவிடும்.

‘கரையிலிருந்து 30 கிலோமீட்டர்’ என்ற வரியும் இதே மாதிரிதான். எந்தக் கரை? லங்காவியின் முக்கிய நகரமான குவாவின் படகுத்துறையிலிருந்து கோலா பெர்லிஸுக்குச் சுமார் 30 கிலோமீட்டர், கோலா கெடாவுக்குச் சுமார் 50. லங்காவி கெடாவின் மாவட்டம் என்பதால் 30 கிலோமீட்டரைக் கெடா கரையிலிருந்து என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 30 அண்டை மாநிலமான பெர்லிஸிலிருந்து அளந்தது. தூரம் எழுதினால் இரண்டு முனையையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

அடுத்தது கடல். துண்டுப் பிரசுரங்கள் ஏகமாக ‘அந்தமான் கடலின் மாணிக்கம்’ என்கின்றன. பன்னாட்டு நீர்ப்பரப்பியல் அமைப்பு 1953இல் வெளியிட்ட கடல் எல்லைகளின்படி, சுமாத்திராவின் வடமுனையையும் புக்கெட் தீவின் தென்முனையையும் இணைக்கும் கோடுதான் அந்தமான் கடலுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையிலான எல்லை. லங்காவி ஏறத்தாழ வடக்கு அட்சம் 6°20′, கிழக்குத் தீர்க்கம் 99°50′. வரைபடத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்தாலே தெரியும், கோட்டுக்குக் கிழக்கே, நீரிணைப் பக்கம் விழுகிறது. வழக்கில் அந்தமான் கடல் என்றும் சொல்கிறார்கள் என்பதைக் குறிப்பிடலாம். அதையே வரையறையாக எழுதுவது பிழை.

மலையும் பாலமும்

பார்வையாளர்கள் ஏறுவது மாச்சிஞ்சாங் மலையில். கேபிள் கார் அங்கேதான் போகிறது. அதனால் அதுவே தீவின் மிக உயரமான மலை என்று எழுதிவிடுகிறார்கள். மிக உயரமானது குனுங் ராயா, 881 மீட்டர். மாச்சிஞ்சாங்கின் உயரமாகப் பலர் தரும் 708 மீட்டர், கேபிள் காரின் மேல்நிலையம் நிற்கும் உயரம். நிலையத்தின் உயரமும் மலையின் உச்சியும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தச் சுற்றுலா மலைக்கும் இந்தச் சந்தேகத்தோடுதான் போக வேண்டும். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் எழுதியிருக்கும் உயரம் பெரும்பாலும் நீங்கள் நிற்கப்போகும் மேடையின் உயரம்.

அந்த மலையிலுள்ள வான்பாலத்தைப் பற்றிய ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ‘660 மீட்டர் உயரத்தில் தொங்கும் உலகின் மிக நீளமான வளைந்த தொங்கு பாலம்.’ பத்தே சொல், மூன்று சிக்கல் இருக்கிறது. 660 மீட்டர் என்பது கடல்மட்டத்திலிருந்து; பாலத்தின் அடியிலுள்ள தரையிலிருந்து பார்த்தால் சுமார் 100 மீட்டர்தான். இரண்டாவதாக, இது தொங்கு பாலமே அல்ல. தொங்கு பாலத்தில் இரண்டு கோபுரங்களுக்கு மேல் தலைமை வடம் வளைந்து ஓடும்; அதிலிருந்து இறங்கும் கம்பிகள் நடைபாதையைத் தாங்கும். இங்கே 81.5 மீட்டர் உயரமுள்ள ஒற்றைத் தூணிலிருந்து எட்டு வடங்கள் நேரே வந்து நடைபாதையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதை வடந்தாங்கு பாலம் என்பார்கள். மூன்றாவது, ‘உலகின் மிக நீளமான’. யார் அளந்தது, எந்த ஆண்டு, எந்த வகைப் பாலங்களோடு ஒப்பிட்டு? பதில் இல்லாவிட்டால் அந்தத் தொடரை அப்படியே வெட்டிவிடலாம். மிஞ்சுவது இது: ‘125 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் கொண்ட, வளைந்த வடந்தாங்கு நடைபாலம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 660 மீட்டர் உயரத்தில் உள்ளது.’ 2012 ஜூலையில் மூடப்பட்டு 2015இல் மீண்டும் திறந்தார்கள் என்பதையும் சேர்த்தால் நல்லது. ஒரு அடையாளச் சின்னம் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்ததைச் சுற்றுலாப் பக்கங்கள் எழுதாது.

பாறையின் வயது, யுனெஸ்கோவின் பட்டம்

‘55 கோடி ஆண்டுப் பழமையான பாறைகள்’ என்ற வரி லங்காவி பற்றிய எந்தக் கட்டுரையிலும் வந்துவிடும். மாச்சிஞ்சாங் பாறைகள் கேம்பிரியன் காலத்தைச் சேர்ந்தவை, தீபகற்ப மலேசியாவிலேயே மிகப் பழையவை என்பது சரி. ஆனால் இன்றைய புவியியல் கால அட்டவணைப்படி கேம்பிரியன் தொடங்கியதே சுமார் 53.9 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்; முடிந்தது ஏறத்தாழ 48.7 கோடி ஆண்டுகளுக்கு முன். 55 கோடி என்றும் கேம்பிரியன் என்றும் ஒரே வரியில் எழுதினால் வரி தன்னையே மறுக்கிறது. காலப்பிரிவின் பெயரை எழுதி அதன் எல்லையைத் தந்தால் போதும், தனி எண் வேண்டாம். மில்லியனைக் கோடியாக்கும்போதும் கவனம் வேண்டும். 550 மில்லியன் என்பது 55 கோடி; அதை 5.5 கோடி என்றும் 550 கோடி என்றும் எழுதியதைப் பார்த்திருக்கிறோம். பின்னது பூமியின் வயதையே தாண்டிவிடும்.

கருமணல் கடற்கரையை ‘எரிமலைச் சாம்பலால் ஆனது’ என்று யாரோ ஒருமுறை எழுதப்போய் அது பரவிவிட்டது. அங்கே எரிமலைக்கு வேலை இல்லை. டூர்மலின், இல்மனைட் போன்ற கருங்கனிமத் துகள்கள் சாதாரண மணலோடு கலந்து வரிவரியாகத் தெரிகின்றன. கடற்கரை முழுவதும் கறுப்பும் கிடையாது.

இனி யுனெஸ்கோ. லங்காவி உலகப் பாரம்பரியக் களம் அல்ல. மலேசியாவில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008இல் அந்தப் பட்டியலில் ஏறின. லங்காவிக்கு இருப்பது, புவியியல் சிறப்புள்ள நிலப்பகுதிக்குத் தரும் புவிப்பூங்காத் தகுதி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2007 ஜூன் 1 அன்று லங்காவி சேர்ந்தது உலகப் புவிப்பூங்கா வலையமைப்பில். யுனெஸ்கோ தன் பெயரிலேயே புவிப்பூங்கா என்ற தகுதியை உருவாக்கியது 2015 நவம்பரில். ஏற்கெனவே வலையமைப்பில் இருந்தவை அப்போது அதற்குள் வந்தன. ஆகவே ‘2007இல் யுனெஸ்கோ அறிவித்தது’ என்ற வரியை இரண்டு வரியாகப் பிரித்து எழுத வேண்டும். இந்தத் தகுதி நிரந்தரமும் அல்ல. நாலு ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு நடக்கும். பச்சை அட்டை வாங்கினால் தொடரலாம், மஞ்சள் வந்தால் இரண்டு ஆண்டுக்குள் சரிசெய்ய வேண்டும், சிவப்பு வந்தால் தகுதி போய்விடும். லங்காவிக்கு 2014இல் மஞ்சள் அட்டை வந்து, அடுத்த ஆண்டு பச்சை கிடைத்தது. கட்டுரையில் இது கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பட்டம் வந்த தேதியை மட்டும் எழுதிவிட்டு எச்சரிக்கை வந்ததை விட்டுவிடும் கட்டுரை விளம்பரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது.

பருவமழை

தமிழில் எழுதும்போது தனியாக ஒரு வழுக்கல் இது. வடகிழக்குப் பருவக்காற்று என்றாலே நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் மனதில் வரும். லங்காவியில் அந்தப் பருவத்தின் நடுப்பகுதி, டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, வறண்ட காலம். தீபகற்பத்தின் கிழக்குக் கரையும் நடுவிலுள்ள தித்திவாங்சா மலைத்தொடரும் அந்த மழையை வாங்கிக்கொள்கின்றன. கிழக்குக் கரைத் தீவுகளான ரெடாங், பெர்ஹெந்தியானில் விடுதிகளை அடைக்கும் மாதங்களில்தான் லங்காவியில் கூட்டம் சேர்கிறது. இங்கே மழை மிகுந்தது செப்டம்பர், அக்டோபர். ‘மலேசியத் தீவுகளுக்கு நவம்பர் முதல் செல்ல வேண்டாம்’ என்ற பொதுவரியை லங்காவிக் கட்டுரையில் ஒட்டினால் நேர்மாறான தகவல் ஆகிவிடும்.

மழையளவு அட்டவணை போட்டால் எந்த நிலையம், எந்த முப்பது ஆண்டுச் சராசரி என்று தலைப்பிலேயே எழுதுங்கள். விமானநிலைய எண் கடல்மட்டத்துக்கு உரியது. அதைக் குனுங் ராயா உச்சிக்குச் சொல்ல முடியாது.

கதையும் வரலாறும்

மசூரியின் கதை இல்லாமல் லங்காவிக் கட்டுரை எழுத முடியாது, எழுதவும் கூடாது. கணவன் போருக்குப் போயிருந்தபோது பொய்ப்பழி சுமத்தப்பட்டு, கிரிஸ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்ட பெண். வெள்ளை ரத்தம் வழிந்தது. ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு விளங்காது என்று சாபமிட்டாள். கல்லறை இருக்கிறது, ஆண்டுதோறும் ஆட்கள் வருகிறார்கள், ஆகவே இது தீவின் பண்பாட்டுச் செய்தி. வரலாற்றுப் பகுதியில் தேதியோடு வைத்தால்தான் சிக்கல். 1821இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) படை கெடாவைத் தாக்கியது வரலாறு. பாடாங் மாட்சிராட்டில் எரிந்த நெல் என்று காட்டப்படும் இடத்தை அந்தப் படையெடுப்போடு சேர்த்துச் சொல்வது ஊர் மரபு. சாபம் பலித்ததால் படை வந்தது என்பது கதை. மூன்றையும் ஒரே பத்தியில் ஒரே வினைமுற்றில் எழுதிவிடுவார்கள். எழுவாயை மாற்றினாலே பாதி சரியாகிவிடும்: ‘படை தாக்கியது’, ‘ஊரார் காட்டுகிறார்கள்’, ‘கதை சொல்கிறது’.

சாபம் தீர்ந்ததும் தீவு செழித்தது என்பது இதே சரக்கின் அடுத்த பாகம். 1987 ஜனவரி 1 முதல் தீர்வையற்ற (சுங்கவரி இல்லாத) பகுதியாக அறிவித்தது, 1990இல் லங்காவி மேம்பாட்டு வாரியத்தை அமைத்தது, விமானநிலையத்தை விரிவாக்கியது, 1991இலிருந்து கடல், வான்வெளிக் கண்காட்சியை நடத்தியது எல்லாம் அரசு எடுத்த முடிவுகள். அப்போது பிரதமராக இருந்த மகாதீர், 1950களில் இந்தத் தீவில் அரசு மருத்துவராக வேலை பார்த்தவர். காரணம் தேடுகிறவருக்கு இவை போதும்.

தமிழில் எழுதுகிறவர்கள் சோழர்களைக் கொண்டுவரத் துடிப்பார்கள். ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்திப் பகுதி முதலாம் இராசேந்திரன் வென்ற கடாரத்தைச் சொல்கிறது. கடாரத்தை இன்றைய கெடாவோடு ஆய்வாளர்கள் இணைக்கிறார்கள். அதே பட்டியலில் வரும் இலங்காசோகத்தை லங்காவி என்று எழுதுவதுதான் தவறு. ஆய்வாளர்கள் அதை லங்காசுகா அரசோடு, அதாவது தீபகற்பத்தின் கிழக்குப் பக்கம், இன்றைய தெற்குத் தாய்லாந்தின் பத்தானிப் பகுதியோடு பொருத்துகிறார்கள். பெயர் ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. சோழர் படை லங்காவியில் இறங்கியது என்று எழுதக் கல்வெட்டில் ஒரு வரியும் இல்லை.

அதற்குப் பதில் எழுத வேண்டியவை விடுபட்டுக் கிடக்கின்றன. 1909 ஒப்பந்தத்தில் சயாம் கெடாவின் மீதான உரிமையைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. ஜப்பானியர் காலத்தில் 1943இலிருந்து 1945 வரை கெடா மறுபடி தாய்லாந்தின் கையில் இருந்தது. லங்காவிக்கு வடக்கே இருக்கும் தருதாவ் தீவு தாய்லாந்துக்கும் இது மலேசியாவுக்கும் ஏன் போயின என்ற கேள்விக்குப் பதில் 1909இல்தான் கிடைக்கும்.

கடற்கரைக்கு அப்பால்

ஆட்கள் பிழைக்கும் ஊர் இது. வடக்கே தெலுக் ஏவாவில் சிமென்ட் ஆலை இருக்கிறது. சுண்ணாம்புக் கல் மலைகளை ரசிக்கச் சொல்லும் பிரசுரம் அதே கல்லை அரைக்கும் ஆலையைச் சொல்லாது. நெல்வயல், மீன்பிடிப்பு, பழைய ரப்பர்த் தோட்டங்கள், சுங்கை ராயா தோட்டத் தமிழ்ப்பள்ளி எல்லாம் பொருளாதாரம், சமூகம் பகுதிகளில் வர வேண்டியவை. கெடாவில் அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிறு வேலைநாள். தாய்லாந்தின் சத்தூனிலிருந்து, படகு ஓடும் காலங்களில், வருகிறவருக்கு நேரமும் ஒரு மணி மாறும், மலேசியா முன்னால். பவளப்பாறை பார்க்கக் கூட்டிப்போகும் பாயார் தீவு 30 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே உள்ளது. அதன் படத்தை ‘லங்காவிக் கடற்கரை’ என்று போடக் கூடாது. சதுப்புநிலப் படகுச் சவாரிகளில் கூட்டமாக வட்டமிடுவது பெரும்பாலும் செம்பருந்து. குவாவில் 12 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சிலையைக் கழுகு என்று எழுதலாம். பறவைப் பட்டியலில் செம்பருந்தையும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

கட்டணம், படகு நேரம், அறை வாடகை, எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம் என்ற வரம்பு எதையும் சேர்க்காதீர்கள். தீர்வை விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ‘1987 முதல் தீர்வையற்ற பகுதி’ என்பதோடு நிறுத்திவிடலாம். வருகையாளர் எண்ணிக்கையைச் சேர்த்தால் ஆண்டு கட்டாயம். எண்ணியது ஆட்களையா, படகுத்துறையிலும் விமானநிலையத்திலும் நுழைந்த தடவைகளையா, ஊர் திரும்பும் உள்ளூர்க்காரரும் அதில் உண்டா என்று பார்க்காமல் இரண்டு ஆண்டு எண்களை ஒப்பிடக் கூடாது.

முன்னுரைப் பத்தியைக் கடைசியில் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். மேலே சொன்னதை எல்லாம் சலித்துப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

‘லங்காவி, மலேசியாவின் கெடா மாநிலத்தில், மலாக்கா நீரிணையின் வடபகுதியில் உள்ள 99 தீவுகளின் கூட்டம். மொத்தப் பரப்பு சுமார் 478 சதுர கிலோமீட்டர். கூட்டத்தின் மிகப் பெரிய தீவுக்கும் இதுவே பெயர். முக்கிய நகரமான குவா அத்தீவின் தென்கிழக்கில் உள்ளது. தீவுக்கூட்டம் லங்காவி மாவட்டமாக நிர்வகிக்கப்படுகிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 94 ஆயிரத்துக்கு மேல். 1987 முதல் தீர்வையற்ற பகுதி. 2007இல் உலகப் புவிப்பூங்கா வலையமைப்பில் சேர்ந்தது. 2015 முதல் யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்கா.’

கடற்கரையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே என்று மெய்ப்புப் பார்க்கிறவர் நிச்சயம் கேட்பார். செனாங், தெங்ஙா, தஞ்சோங் ரூ மூன்றையும் திசையோடு இரண்டாம் பத்தியில் வைத்துவிடலாம். ‘வெள்ளை மணல்’ என்று சேர்க்கச் சொன்னால் மட்டும் சான்று கேளுங்கள்.